அண்ணாச்சியின் காது

எங்கள் சந்தில் அண்ணாச்சியைப் போல உரக்கப் பேசுகிறவர் கிடையாது. சத்தம் கேட்டால் அவரைப் போல எரிந்து விழுகிறவரும் கிடையாது. இரண்டும் ஒரே ஆள் என்பதுதான் சந்துக்காரர்களுக்கு வேடிக்கை. ஆட்டோக்காரன் ஹாரன் அடித்தால் கேட்டுக்கு ஓடி வந்து, "என்ன வே, யானையா குறுக்க நிக்கி? ஒச்சை போடாமப் போவும்!" என்று அவர் போடுகிற கூச்சலுக்கு ஹாரனே தேவலை என்றிருக்கும். ஆரியசாலைக் கடைத்தெருவில் வெகுகாலம் மிளகாய் வற்றலும் புளியும் மொத்த வியாபாரம் செய்தவர். லாரிக்காரர்களிடமும் மூட்டை தூக்கும் சுமட்டுக்காரர்களிடமும் கத்திக் கத்தி உரம் ஏறிய தொண்டை அது. சத்தத்துக்கு ஒச்சை என்கிற மலையாளச் சொல் அவர் வாயில் வசவு போலவே வந்து விழும்.

நான் அவருக்கு அடுத்த வீடு. நாகர்கோவிலிலிருந்து மாற்றலாகித் திருவனந்தபுரம் வந்து, கரமனைப் பக்கம் அந்தச் சந்தில் வாடகைக்குக் குடியேறிய முதல் வாரமே என் மனைவியின் குக்கர் மேல் புகார் வந்துவிட்டது. பின்பக்க மதிலுக்கு மேலே ஒரு நரைத்த தலை எழும்பியது.

"தங்கச்சி, பருப்புக்கு எத்தனை விசில் வைப்பிய?"

"நாலு."

"வைக்க முன்னாடி ஒரு வாக்கு சொல்லுவியளா? நான் உள்ள போய் இருந்துக்கிடுவேன்."

அவள் உள்ளே வந்து, "பக்கத்து வீட்டுக்காரருக்கு மறை கழண்டிருக்கு" என்றாள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

காரணம் சீக்கிரமே தெரிந்துவிட்டது. அண்ணாச்சியின் மனைவிக்குப் பக்கவாதம். அண்ணி முறை வைத்து நான் அவரை மைனி என்று கூப்பிடுவேன். வலப்பக்கம் முழுதும் விழுந்து, பேச்சும் குழறிப் போய், தெருவைப் பார்த்த முன்னறையில் ஜன்னலோரம் இரும்புக் கட்டிலில் படுத்திருந்தார். இடது கை மட்டும் அசையும். அந்தக் கையில் ஓர் எவர்சில்வர் ஸ்பூன் இருக்கும். தண்ணீர் வேண்டுமானாலும், புரட்டிப் படுக்க வைக்க வேண்டுமானாலும், தொண்டையில் சளி அடைத்தாலும் கட்டில் கம்பியில் தட்டுவார். கையில் பலமில்லாததால் தட்டுகிற சத்தம் மிக மெலிதாகத்தான் எழும். வீட்டுக்குள் வேறு யாரும் கிடையாது. அந்தச் சத்தம் அண்ணாச்சிக்குக் கேட்டாக வேண்டும். மற்ற எல்லாச் சத்தத்தின் மேலும் அவருக்கு இருந்த பகை அதனால்தான்.

வீட்டுக்குள் போய்விட்டால் ஆரியசாலைத் தொண்டை இருக்கிற இடமே தெரியாது. செருப்பில்லாமல் நடப்பார். கேட்டின் கீலுக்கு வாரா வாரம் தேங்காய் எண்ணெய் விடுவார். போர்ச்சுக்கு மேலே தகரம் போட்டிருந்தது. மழைத்துளி விழுந்தால் முரசு மாதிரி அதிர்கிறது என்று அதைப் பிரித்துப் போட்டுவிட்டு ஓலை வேய்ந்தார். தெருவிலேயே மார்பிள் பதித்த வீடுகளுக்கு நடுவில் ஓலை போர்ச் ஒன்றே ஒன்றுதான். பார்க்க ஒரு மாதிரியாக இருக்கிறது என்று சிலர் முணுமுணுத்தார்கள். அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

கோயில் திருவிழாவுக்கு மைக் செட் கட்டும் பையன்களிடம் குழாயை ஆற்றைப் பார்க்கத் திருப்பி வைக்கச் சொல்வார். "அங்கே யாரு அண்ணாச்சி கேக்கதுக்கு இருக்கா?" என்று அவர்கள் சிரித்தால், "மீனு கேக்கட்டும். அதுகளுக்கும் பக்தி வேண்டாமா?" என்பார். பையன்கள் திருப்பித்தான் வைத்தார்கள்.

மழையிடம் மட்டும் அவர் பாச்சா பலிக்கவில்லை. வைகாசி நடுவில் இடவப்பாதி மழை பிடித்துக்கொண்டால் ஊரில் வேறு சத்தமே கேட்காது. அப்போதெல்லாம் ஒரு நாற்காலியை இழுத்துக் கட்டிலோரம் போட்டுக்கொண்டு, மழை விடும்வரை மைனியின் கையைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார். அடுப்பில் கஞ்சி கரிந்தாலும் எழுந்து போக மாட்டார்.

அவரோடு பேசுவது ஒரு தனி அனுபவம். யாரையாவது கிழித்துத் தோரணம் கட்டிக்கொண்டிருப்பார். பாதி வசவில் ஒரு விரல் மேலே எழும்பும். தலை கொஞ்சம் சாயும். எதிரே நிற்பது கலெக்டரே ஆனாலும் வாயை மூடிக்கொண்டு நிற்க வேண்டியதுதான். உள்ளே ஒன்றுமில்லை என்று தெரிந்ததும் விட்ட வசவிலிருந்து பிடித்துத் தொடர்வார். கல்யாணம், காதுகுத்து, சாவு எதற்கும் போவதில்லை. கடையை மச்சினனிடம் விட்டுவிட்டார். சாமான்கள் ஆளிடம் சொல்லி வரும். கேட்டுக்கு அந்தப்பக்கம் நாலடி வைத்தால் அதிகம். "காது எட்டுத தூரம்தான் தம்பி நமக்கு ஊரு" என்பார். அவரைப் பார்க்க வருகிறவர்களும் குறைந்து போனார்கள். விரலைத் தூக்கி வாயடைக்கிற ஆளிடம் எவ்வளவு நேரம்தான் பேசிக்கொண்டிருப்பது?

இப்படி ஒருவர் இருக்கிற சந்தில்தான் கள்ளன் அலாரம் வந்து சேர்ந்தது.

எதிர் வீடு துபாய்க்காரருடையது. வருஷத்தில் ஒரு மாதம் ஆள், மிச்ச மாதமெல்லாம் பூட்டு. பக்கத்துச் சந்தில் பூட்டிய வீட்டில் கள்ளன் புகுந்ததாகப் பேச்சு வந்ததும், லீவுக்கு வந்திருந்தவர் அலாரம் மாட்டிவிட்டுப் போனார். சன்ஷேடுக்குக் கீழே ஒரு வெள்ளைப் பெட்டி. அதைப் பார்த்து மேலும் இரண்டு வீட்டில் மாட்டினார்கள். அலாரம் இல்லாத வீடாகப் பார்த்துக் கள்ளன் வந்துவிடுவானே என்கிற பயம்தான்.

கள்ளன் வரவில்லை. பல்லி வந்தது, இடி மின்னல் வந்தது, கரண்ட் போய்ப் போய் வந்தது. எல்லாவற்றுக்கும் அது அலறியது. ஆஸ்பத்திரி வண்டியைச் சுவரில் ஆணியடித்து மாட்டியது போன்ற அலறல். வீட்டுக்காரர் கடல் கடந்து இருக்க, யார் போய் அணைப்பது? பேட்டரி ஓயும்வரை அடித்துக்கொண்டிருக்கும். முதல் இரண்டு தடவை எல்லோரும் வெளியே வந்து எட்டிப் பார்த்தோம். பிறகு ஜன்னலைச் சாத்திக்கொண்டு டிவியைக் கூட்டி வைக்கப் பழகிவிட்டோம்.

ஒரு வெள்ளிக்கிழமை அந்தி. அண்ணாச்சி பின்னால் துவைகல்லில் மைனியின் விரிப்புகளை அலசிக்கொண்டிருந்தார். எதிர் வீட்டு அலாரம் அடிக்க ஆரம்பித்தது. கையிலிருந்த ஒரு விரிப்பைப் பிழிந்து போட்டுவிட்டு உள்ளே போகலாம் என்று நினைத்திருக்கிறார். போய்ப் பார்த்தபோது மைனியின் தலை கட்டில் விளிம்பில் சரிந்து கிடந்தது. சளி அடைத்து உதடு நீலம் பாரித்திருந்தது. ஸ்பூன் தரையில் கிடந்தது. அவர் போட்ட கூப்பாடு சைரனையும் மீறி எனக்குக் கேட்டது. நானும் என் மனைவியும் ஓடினோம். ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் பறந்தோம். பிழைத்துக்கொண்டார்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் அண்ணாச்சி என்னிடம் முதல்முறையாகத் தாழ்ந்த குரலில் பேசினார்.

"தட்டியிருக்கா தம்பி. கம்பியில பெயிண்டு உதிர்ந்து கெடக்கு. அவ்வளவு தட்டியிருக்கா. எனக்குக் கேக்கல."

நான் கடைக்குப் போய் ஒரு காபி வாங்கி வந்து அவர் கையில் வைத்தேன்.

மைனி வீடு திரும்பியதும் அண்ணாச்சி முதலில் போலீசுக்குப் போன் செய்தார். கள்ளன் அகப்பட்டானா என்று கேட்டார்கள். கள்ளன் இல்லை, அலாரம்தான் என்றார். கள்ளன் இல்லாத வீட்டுக்கு நாங்கள் எதற்கு வர வேண்டும் என்றார்கள். மைக் செட் வைப்பதென்றால் அனுமதி வாங்க வேண்டும், வீட்டுக்காரர் தன் வீட்டில் அலாரம் வைப்பதற்கு என்ன தடை சொல்வது என்றும் கேட்டுவிட்டுப் போனை வைத்துவிட்டார்கள். பிறகு அண்ணாச்சி என்னைப் பிடித்துக்கொண்டார். அப்போது நான்தான் குடியிருப்போர் சங்கத்தின் செக்ரட்டரி. சந்தில் இளிச்சவாயனாகப் பார்த்துத் தேடியபோது நான் அகப்பட்டிருந்தேன்.

கூட்டத்தைத் தன் வீட்டு போர்ச்சில்தான் நடத்த வேண்டும் என்று அண்ணாச்சி ஒற்றைக்காலில் நின்றார். ஆள் முன்னுக்கு வரப் பார்க்கிறார் என்று பேசிக்கொண்டார்கள். அவரால் வேறெங்கும் வர முடியாது என்பது எனக்கும் என் மனைவிக்கும்தான் தெரியும். மைனி படுத்த படுக்கையாக இருக்கிறார் என்பது சந்தில் எல்லோருக்கும் தெரியும். ஸ்பூன் விஷயம் தெரியாது. அதை வெளியே சொல்ல அண்ணாச்சிக்குக் கௌரவம் இடம் கொடுக்கவில்லை.

ஓலைக்கு அடியில் நாற்காலிகளைப் போட்டு உட்கார்ந்தோம். சங்கத் தலைவர் ரிட்டயரான எஞ்சினியர், மலையாளி. எங்களிடம் தமிழ்தான் பேசுவார், அவருக்கு வந்த தமிழ்.

"அலாரம்னா ஒச்சை கேக்கணும் அண்ணாச்சி. ஒச்சை இல்லெங்கில் பின்னே கள்ளன் எங்ஙனெ பேடிக்கும்?"

"கள்ளன் பேடிக்கட்டும் சாரே. நாங்க பயந்து சாக என்ன களவா எடுத்தோம்?"

எல்லோரும் சிரித்தார்கள். கடைசி வீட்டு மாமி மட்டும் சிரிக்கவில்லை. அலாரம் வைத்த மூன்று வீடுகளில் அவர் வீடும் ஒன்று. பிள்ளைகள் அமெரிக்காவில், மாமி தனியாக இருந்தார்.

"உங்களுக்கென்ன, பேசிட்டுப் போயிடுவேள். எனக்குத் துணைன்னு இருக்கறது அது ஒண்ணுதான். அதையும் ஊமையாக்கச் சொல்றேளா?"

அண்ணாச்சி உடனே பாயவில்லை. நாற்காலியை மாமி பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டார்.

"ஊமையாக்கச் சொல்லல மாமி. அடிச்சா ஒரு ஆளு வந்து பாக்கணும். பாத்தா நிப்பாட்டணும். போன மாசம் உங்க வீட்டுல அடிச்சுதே, எத்தனை பேரு வந்தோம்? ஒருத்தரும் வரல்ல. நானும் வரல்ல. வெறுமனே அடிச்சிட்டுக் கெடந்தா அது உங்களுக்கும் துணை இல்ல, எனக்கும்..."

விரல் மேலே எழும்பியது.

கூட்டம் முழுதும் சட்டென்று அடங்கியது. உள்ளேயிருந்து வந்த சத்தம் எல்லோருக்கும் கேட்டது. இரும்பில் ஸ்பூன் படுகிற சத்தம். பிறகு ஓர் இடைவெளி. மறுபடியும் அதே சத்தம். அண்ணாச்சி எழுந்து உள்ளே போனார். ஜன்னல் வழியாக அவர் மைனியைத் தூக்கிச் சாய்த்து உட்கார வைப்பதும், டம்ளரை வாயில் வைப்பதும் தெரிந்தது. "மெல்ல மக்கா, மெல்ல" என்று அவர் சொன்னதும் கேட்டது. எங்களில் பலர் அண்ணாச்சியிடம் அப்படி ஒரு குரல் இருப்பதையே அன்றுதான் அறிந்தார்கள்.

அவர் ஈர வேட்டியோடு திரும்பி வந்து, "எங்க விட்டேன்?" என்றார். எஞ்சினியர் சார் செருமிக்கொண்டு, "பத்து நிமிஷத்தில தானே நிக்கிற மாதிரி செட் செய்யலாம். அதினு வழியுண்டு" என்றார். அப்படியே முடிவாயிற்று. அலாரம் எதுவானாலும் பத்து நிமிடத்தில் தானாக நிற்க வேண்டும். ஒவ்வொரு வீட்டுச் சாவியும் சந்திலேயே இரண்டு பேரிடம் இருக்க வேண்டும். அடித்தால் சாவிக்காரர் போய்ப் பார்த்து அணைக்க வேண்டும். எங்கும் இல்லாத சட்டத்தை ஓலைக் கூரைக்குக் கீழே நாங்களே உண்டாக்கிக்கொண்டோம். மாமி தன் சாவியை என் மனைவியிடம் கொடுத்தார். துபாய்க்காரரின் சாவி என் தலையில் விழுந்தது.

விழுந்த பிறகுதான் சல்லியம் பிடித்த தொல்லை ஒன்று தெரிந்தது. மற்ற அலாரங்கள் எப்போதாவது அடித்தன. துபாய் வீடு மட்டும் செவ்வாயும் வெள்ளியும் அந்தி மயங்கினால் தவறாமல் அடித்தது. ஆபீசிலிருந்து வந்து காபியை வாயில் வைக்கவும் அது அலறவும் சரியாக இருக்கும். சாவியைத் தூக்கிக்கொண்டு ஓடுவேன். ஒன்றும் இருக்காது. பூஜை மாடத்தில் விளக்கு எரிந்துகொண்டிருக்கும், அவ்வளவுதான்.

கண்டுபிடித்தது மைனி. ஒருநாள் அண்ணாச்சி மதில்மேல் தலையை நீட்டினார்.

"தம்பி, அவ ஒரு காரியம் சொல்லுதா. விளக்கு வைக்கிற அன்னிக்குத்தான் அடிக்குங்கா."

மைனியின் குழறல் அவர் ஒருவருக்குத்தான் விளங்கும். ஜன்னலோரம் படுத்தபடி மைனி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார். பூட்டிக் கிடந்தாலும் வீட்டில் அந்தி விளக்கு கெடக் கூடாது என்பது துபாய்க்காரர் மனைவியின் கட்டளை. முற்றம் பெருக்குகிற சேச்சி செவ்வாயும் வெள்ளியும் வந்து, அலாரத்தை அணைத்து, விளக்கை ஏற்றி, மறுபடி அலாரத்தைப் போட்டுப் பூட்டிவிட்டுப் போவார். மாட்டிய கம்பெனியின் ஆள் வந்து பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தான். ஹாலில் வைத்திருந்த அலாரத்தின் கண், சூட்டையும் அசைவையும் பார்த்துத்தான் ஆளை அறியுமாம். காற்றில் ஆடுகிற சுடரை அது கள்ளன் என்று எடுத்துக்கொண்டிருக்கிறது.

விளக்கை நிறுத்தலாம் என்று சொல்ல ஒருவருக்கும் நாக்கு எழவில்லை. வைத்த விளக்கை ஊதி அணைத்துவிட்டு அலாரம் போடச் சொல்லவும் பயம். துபாய்க்குப் போன் போட்டுப் பேசி, எண்ணெய் தீர்ந்து விளக்கு தானாக மலையேறும்வரை சேச்சி வாசற்படியில் காத்திருப்பது, பிறகு அலாரத்தைப் போட்டுப் பூட்டுவது என்று தீர்த்தோம். சேச்சிக்கு வெறுமனே உட்கார்ந்திருக்க முடியுமா? படியில் இருந்தபடியே எதிர் ஜன்னலில் இருக்கிற மைனியிடம் ஊர்க்கதையெல்லாம் மலையாளத்தில் சொல்வார். மைனி ஸ்பூனால் தட்டிப் பதில் சொல்வார். அந்தத் தட்டலுக்கு அண்ணாச்சி எழுந்து வர வேண்டியதில்லை. செவ்வாய், வெள்ளி அந்தியில் மட்டும் அவர் போர்ச்சில் காலை நீட்டி உட்கார்ந்து ஒரு முழு டம்ளர் காபி குடிப்பதைப் பார்த்திருக்கிறேன்.

அதற்குப் பிறகு வந்த இரண்டாவது இடவப்பாதியில் மைனி போய்விட்டார். பேய்மழை பெய்த ஒரு பகல். அண்ணாச்சி வழக்கம்போல நாற்காலியைப் போட்டுக்கொண்டு பக்கத்திலேயே இருந்திருக்கிறார். "ஒரு தட்டு தட்டினா. என்ன மக்கான்னு கேட்டேன். பெறகு தட்டல்ல" என்றார்.

பெங்களூரில் இருக்கிற மகன் வந்து காரியங்களைச் செய்துவிட்டு, கூட வரச் சொல்லிக் கூப்பிட்டான். அண்ணாச்சி போகவில்லை. இனி அவர் எங்கு வேண்டுமானாலும் போகலாம். ஆரியசாலைக்குப் போகலாம், கல்யாண வீட்டுக்குப் போகலாம். கேட்டைத் தாண்டி அதே நாலடிதான் வைத்தார். ஆட்டோக்காரர்கள் ஹாரன் அடித்துக்கொண்டே போனார்கள். அண்ணாச்சி எழுந்து வரவில்லை. திருவிழாவுக்குக் குழாய் கட்டின பையன்கள் வந்து, எந்தப் பக்கம் திருப்ப என்று கேட்டார்கள். "எங்கே வேணும்னாலும் திருப்பிக்கிடுங்கப்பா" என்றார். அவர் திட்டாத சந்து எங்களுக்குப் பழகவில்லை.

என் மனைவி ஒருநாள் பழக்கதோஷத்தில் மதிலோரம் போய், "அண்ணாச்சி, குக்கர் வைக்கப் போறேன்" என்று குரல் கொடுத்தாள். அந்தப்பக்கத்திலிருந்து, "வைங்க தங்கச்சி, எத்தனை விசில் வேணும்னாலும் வைங்க" என்று பதில் வந்தது. அவள் அடுப்படிக்கு வந்து குக்கரைத் தொடாமல் அழுதுகொண்டு நின்றாள்.

துலாம் மாதத்தில், நம் ஐப்பசியில், ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். மழை இன்னும் தொடங்கவில்லை. ஒரே ஒரு இடி, தலைக்கு மேல் விழுந்தது போல. துபாய் வீட்டு அலாரம் அலற ஆரம்பித்தது. சாவியை எடுத்துக்கொண்டு வெளியே ஓடினேன். அண்ணாச்சி போர்ச்சில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து கேட்டுக்கு வந்து என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"அணைக்காண்டாம் தம்பி. அடிக்கட்டும்."

எனக்குச் சரியாகக் கேட்கவில்லையோ என்று நினைத்தேன். அவர் என் காதருகே குனிந்தார்.

"ஒச்சை இல்லேன்னா காது உள்ள கட்டிலடியிலேயே போய் நிக்கி. ஒண்ணும் கேக்க மாட்டேங்கு. இது அடிக்கும்போ, அவ தட்டிட்டுத்தான் இருக்கா, எனக்குத்தான் கேக்கலன்னு வச்சுக்கிடலாம்லா?"

சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு அவரோடு போர்ச்சுக்குப் போய் உட்கார்ந்தேன். அவர் கண்ணை மூடிக்கொண்டார். மைனி போன பிறகு அவர் முகம் அப்படி இறுக்கம் விட்டு நான் பார்த்ததில்லை. சந்தில் ஜன்னல்கள் ஒவ்வொன்றாகச் சாத்திக்கொண்டன. எஞ்சினியர் சார் தன் வாசலுக்கு வந்து, சாவிக்காரன் எங்கே போனான் என்று தேடினார். போர்ச்சில் எங்கள் இருவரையும் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

நாங்கள் வைத்த சட்டப்படி அது தானாகவே நின்றது.

அண்ணாச்சி கண்ணைத் திறந்தார். "அதுக்குள்ள பத்து நிமிஷம் ஆயிட்டா தம்பி?" என்று கேட்டார்.